சாயங்காலத்துக் கால்

முதலில் சுண்டியது இடது காலின் பெருவிரல். கரும்பலகையில் வகுத்தல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம். விரல் கீழே மடங்கியது, பாதம் உட்பக்கம் திரும்பியது, கெண்டைக்காலில் கயிறு முறுக்குவதுபோல் வலி. நாற்காலியைப் பிடித்தபடி பிள்ளைகளை அனுப்பினேன். மறுநாள் விடிந்தபோது கால் ஒன்றுமே நடவாததுபோல் இருந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்து மூன்று வயது. ஆவூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அன்னவாசல் பக்கம் ஆசிரியை வேலை. இரண்டு வருஷம் இதே கதைதான். விடிந்தால் நல்ல கால், பொழுது சாய்ந்தால் திருகிய கால். இதே வலியோடு இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லாமலே தெரியும்: வலியைவிடக் கொடுமை, அதை யாரும் நம்பாதது.

வைத்தியர் வாதம் என்றார். நொச்சித்தழை ஒத்தடம், எண்ணெய் எல்லாம் ஆயிற்று. அப்புறம் இரண்டு டாக்டர்கள். இருவரும் பார்த்தது காலை பத்து மணிக்கு. “நல்லாத்தானேம்மா நடக்குறே? கல்யாணம் ஆனா சரியாயிரும்” என்றார் ஒருவர். பளாரென்று ஒன்று விடலாம்போல் இருந்தது.

பள்ளி நிர்வாகியும் பொறுமை இழந்தார். “காலையில ஓடுறீங்க, சாயங்காலம் நொண்டுறீங்க. என்ன டீச்சர், நாடகமா? காலாண்டு லீவு முடியறதுக்குள்ள டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லைன்னா வேற ஆளைப் போட்டுருவோம்.” அந்த வேலைதான் எனக்கு உயிர். திருச்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

துணைக்கு அப்பா வந்தார். அவருக்கு ஊரில் குடிகாரர் என்று பெயர். மதுவிலக்கு அமலில் இருந்த காலம். ஆனால் கள்ளச்சாராயத்துக்குப் பஞ்சமில்லை. பொழுது சாய வயலிலிருந்து தள்ளாடி வருவார். அம்மா தினமும் வாசலில் நிறுத்தி, “ஊதுங்க” என்பாள். ஊதுவார். வாடை வராது. “வெத்தலையப் போட்டு மறைக்கிறாரு” என்பாள். ஒருநாள் கோயில் பீடத்துக்கு முன்னால், பங்குச் சாமியார் பார்க்க, சிலுவையைத் தொட்டு இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தார். மறுநாளும் தள்ளாடித்தான் வந்தார். சிலுவைச் சத்தியத்தையே மீறியவர் என்று அதன்பிறகு நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை.

பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தை நாங்கள் அடைந்தபோது மணி ஐந்தரை. டாக்டர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். “நாளைக்குக் காலையில வாங்கம்மா” என்றார்.

“காலையில வந்தா ஒண்ணும் தெரியாது சார்! இப்பப் பாருங்க!” என்று அழுதுகொண்டே கத்திவிட்டேன்.

மனிதர் நின்றார். நடக்கச் சொன்னார். நடந்தேன். அவர் பார்வை என்னைத் தாண்டி, பின்னால் வந்த அப்பாவிடம் போயிற்று.

“பெரியவரே, நீங்களும் நடங்க.”

இருவரின் இடது பாதமும் ஒன்றுபோல் உட்பக்கம் திரும்பியிருந்தது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் அதைப் பார்க்கவில்லை.

“எத்தனை வருஷமா இப்படி?” என்று அப்பாவிடம் கேட்டார் டாக்டர்.

“இருவது வருசம் இருக்குங்க. தூங்கி எந்திரிச்சா நல்லாயிரும்ங்க.”

“குடிப்பீங்களா?”

“வாயில வச்சதே இல்லைங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அப்பறம் எதுக்குப்பா சத்தியம் பண்ணுனீங்க?”

“ஒங்கம்மா அழுதுச்சுத்தா. சத்தியம் பண்ணுனா அழுகைய நிறுத்தும்னு நெனச்சேன்.”

தசைமுறுக்கக் கோளாறு (தசைகள் தாமாக இறுகி உறுப்பைத் திருகுவது) என்றார் டாக்டர். “ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கறதால பரம்பரையா இருக்கலாம். அடிச்சுச் சொல்ல எங்ககிட்ட சோதனை எதுவும் இல்லம்மா.” தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த நேர்மைக்கு இன்றும் கும்பிடு போடுகிறேன். பள்ளிக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். வேலை தப்பியது.

சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று இருவருக்கும். வாய் வறண்டது, எழுத்துகள் மங்கின. மறுபடி போனபோது அளவைக் குறைத்தார். மூன்றாம் வாரம், கடைசி மணி அடிக்கும்போது என் பாதம் தரையில் முழுதாகப் பதிந்திருந்தது. பிள்ளைகள் முன்னாலேயே அழுதுவிட்டேன். எனக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்குக் கேட்கும் என்று சொல்லமாட்டேன். எந்த நேரத்தில் வலிக்கிறது என்று குறித்து வையுங்கள். வீட்டில் வேறு யார் அப்படி நடக்கிறார்கள் என்று கண்ணைத் திறந்து பாருங்கள்.

விஷயம் கேட்டு அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “பாவி மனுசா, ஒரு வார்த்தை சொல்லப்படாதா?”

“தெனமும் ஊதிக் காட்டுனேனே” என்றார் அப்பா.

நான் மன்னிப்புக் கேட்டபோது, “போத்தா” என்று சிரித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

இன்றைக்கும் என் நாள் இரண்டாகத்தான் பிரிகிறது. ஐந்து மணி ஆனால் கண் தானாகப் பாதத்துக்குப் போகும். அது நேராக இருந்தால், ஆண்டவரே, இன்னொரு சாயங்காலம் கிடைத்தது என்று நெஞ்சு நிறையும்.

அப்பாவுக்கும் மாத்திரை கேட்டு நடை நேரான வாரத்தில், பொழுது சாய இருவரும் கடைத்தெருவில் நடந்து வந்தோம். டீக்கடையில் நல்ல கூட்டம். அங்கே வந்ததும் அவர் நடை மெதுவாயிற்று.

“ஏம்ப்பா, வலிக்குதா?”

“இல்லத்தா. எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்.”