அத்தையும் சீனச் சதுரங்கமும்

பம்பு கம்பெனி வேலையாகச் சீனாவுக்குப் போயிருந்த சித்தப்பா எனக்குப் பொம்மை வாங்கி வருவார் என்று பீளமேடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அவர் கொண்டுவந்தது சீனச் சதுரங்கம். வட்ட வட்டமான மரக்காய்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சீன எழுத்து. குதிரைக்குக் குதிரை முகம்கூட இல்லை. போதாக்குறைக்குச் சிவப்பு யானைக்கு ஓர் எழுத்து, கறுப்பு யானைக்கு வேறோர் எழுத்து. யாரிடம் போய் அழுவது?

அந்தக் கோடையில் அப்பாவின் தங்கை, என் அத்தை, காங்கேயத்திலிருந்து ஒரு சூட்கேஸோடு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சுடிதார்தான் போடுவாள். காங்கேயத்து நாகரிகம் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். போனில் வீடியோ பார்த்து இருவரும் ஆட்டம் கற்றோம். காய்களின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் யா, கு, பீ என்று எழுதினோம். நான் செஸ் பழக்கத்தில் கட்டத்துக்குள் காய் வைத்தால் அத்தை, "கோடு கூடற எடத்துல வெக்கோணும் கண்ணு, ஆடுபுலிக்கு வெக்கற மாதிரி" என்பாள். நடுவில் ஒரு காயைத் தாண்டித்தான் பீரங்கி வெட்டும் என்பது என் மண்டையில் ஏறவே பல நாள் ஆனது. அத்தை விட்டுக்கொடுக்கிற ரகமில்லை. தினமும் தோற்றேன், தினமும் அழுதேன், மறுநாள் பல் துலக்கும் முன்பே பலகையை விரித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாக என் கை ஓங்கியது. அத்தையின் ராஜாவுக்குத் தப்ப வழியில்லை. அந்த நேரம் பார்த்து அவளுடைய வீட்டுக்காரர் இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"கை நீட்டுனது தப்புன்னு மாப்பிள்ளையே ஒத்துக்கறாருங்க. மனசுல வெச்சுக்காம அனுப்பி வையுங்க" என்று ஒரு பெரியவர் ஹாலில் சொன்னது அறைக்குள் கேட்டது. அப்பா, "அம்மிணி, இங்க வா" என்று அத்தையைக் கூப்பிட்டார்.

மாமா கூட்டிக்கொண்டு போய்விட்டால் என் வெற்றி என்னாவது? அத்தையின் சுடிதார் நுனியைப் பிடித்துக்கொண்டு, "ஆட்டத்தை முடிக்காமப் போகக்கூடாதுங்க அத்தை" என்றேன்.

"போகலை கண்ணு, இரு" என்று என் கையை விலக்கிவிட்டுப் போனாள்.

"நான் வரலீங்க" என்று அவள் சொன்னது கேட்டது. பிறகு யார் யாரோ வெகுநேரம் பேசினார்கள். அத்தை அதையேதான் மறுபடியும் சொன்னாள். கடைசியில் வந்தவர்களின் கார் கிளம்பியது.

முகம் கழுவிக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். விட்ட இடத்திலிருந்து காயை நகர்த்தினாள். நான் ஜெயித்தேன். வீடே அதிரக் குதித்தேன்.

நான் சொன்னதால்தான் அத்தை போகவில்லை என்று தெருப்பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டது அம்மாவின் காதுக்கு எட்டியது. அம்மா என் காதைத் திருக வந்தாள். அத்தை குறுக்கே வந்து, "உடுங்க அண்ணி, அவ சொல்றது நெசந்தான். அவளுக்கோசரந்தான் இருந்துட்டேன்" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதன்பிறகு உறவுக்காரர்கள் யார் வந்து கேட்டாலும் அத்தை என்னைக் காட்டி அதே பதிலைத்தான் சொன்னாள். துருவுகிறவர்களின் வாயை அடைக்க அவளுக்கு ஏதாவதொரு பதில் வேண்டியிருந்தது என்று தெரியாமல், நானும் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவேன்.