மிலூதியின் ஒன்பது நிமிடங்கள்

சாஃபி துறைமுகத்தை ஒட்டி, மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்று. அதன் அலுவலகத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதற்கு ஒரே ஒரு ராஜா, மிலூதி. சம்பளம் என்னவோ வருகைப் பதிவு எழுதுவதற்குத்தான். ஆனால் கை சும்மா இருந்தால்தானே! கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் எதையாவது அணைப்பான், எதையாவது மாற்றுவான், "இப்ப பாரு, பறக்கும்" என்பான். அது பறந்ததை யாரும் பார்த்ததில்லை. ஒழுங்காக ஓடுவதைச் சீண்டாமல் இருக்கத் தெரியாத மனிதர்கள் உண்டல்லவா, அந்த ரகம்.

வேலை தொடங்கும் மணி, முடியும் மணி எல்லாவற்றையும் அந்தக் கம்ப்யூட்டர்தான் அடிக்கும். நோன்பு மாதத்தில் இன்னொரு மணியும் சேரும். மதியம் தொடங்கும் மாலை ஷிஃப்டில் அறுபத்திரண்டு பெண்கள். ஜன்னலில்லாத கூடத்தில் மீன் வாடைக்கு நடுவே நிற்பவர்களுக்குச் சூரியன் மறைந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? கைபேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். இயந்திர இரைச்சலில் பள்ளிவாசலின் பாங்கோசையும் கேட்காது. ஆகவே நாட்காட்டியில் உள்ள மக்ரிப் நேரத்தை, அதாவது சூரியன் மறையும் நேரத்தை, மிலூதி தினமும் கம்ப்யூட்டரில் ஏற்றிவைப்பான். மணி அடித்ததும் இயந்திரங்கள் நிற்கும், பெண்கள் பிஸ்மில்லா சொல்லிப் பேரீச்சம்பழத்தைக் கடிப்பார்கள்.

அந்த வருடம் முதல் நோன்பன்றே மணி அடித்து, பழம் தின்று, ஹரீரா கஞ்சி பாதிக் கிண்ணம் இறங்கிய பிறகுதான் தொழிற்சாலை நடத்தும் வாசலோரச் சின்னப் பள்ளிவாசலிலிருந்து மோதினார் துஹாமியின் பாங்கு வந்தது.

"என்ன மிலூதி, மோதினார் தூங்கிட்டாரா, இல்ல நாம முந்திட்டோமா?" என்று கேட்டாள் மஹ்ஜூபா. டப்பா அடைக்கும் வரிசைக்கு அவள்தான் மேஸ்திரி. வயது ஐம்பது, வாய் கத்தி.

"நம்ம நேரம் செயற்கைக்கோள்லேருந்து வருது அக்கா. அவரு நேரம் சட்டைப் பைக் கடிகாரத்துலேருந்து வருது. நீங்களே சொல்லுங்க, எதை நம்புறது?"

கூடமே சிரித்தது. மறுநாள் காவலாளி ஹம்மு, தன் போனில் நேரம் பாங்கோடு சரியாக இருக்கிறதே என்றான். "உன் போனை என்ன, சந்தையில கிலோ கணக்குல வாங்கினியா?" என்று அவன் வாயையும் அடைத்தான் மிலூதி.

கேலிக்குக் கால் முளைக்க எவ்வளவு நேரமாகும்? ஒரு வாரத்துக்குள் எழுபது வயது துஹாமி 'லேட்டு மோதினார்' ஆகிவிட்டார். முப்பது வருடம் இதே தொழிற்சாலையில் பெட்டி சுமந்தவர். கண் மங்கிப்போனதும் வேலையை விட்டு, பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். மனிதருக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். பத்தாம் நோன்பன்று மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமையிலிருந்து வேறு ஆள் வருவார் என்று சொல்லிவிட்டார். "நல்லவேளை நீ கவனிச்சே" என்று மிலூதியின் தோளையும் தட்டினார். மிலூதிக்குக் கிழவர் மேல் கொஞ்சம் பரிதாபம் வந்தது. கொஞ்சம்தான். தட்டிய தோள் அதைவிடச் சுகமாக இருந்தது.

பதினோராம் நோன்பு, மதியம். காஸாபிளாங்கா தலைமை அலுவலகத்திலிருந்து போன். வருகைப் பதிவை உடனுக்குடன் அங்கே அனுப்பும் முறை அன்றுதான் தொடங்கியிருந்தது. "என்னப்பா, மணி இன்னும் ஆகவே இல்ல, அதுக்குள்ள உங்க பொண்ணுங்க வந்துட்டதா பதிவாகியிருக்கு? எங்க கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குது" என்றான் அங்கிருந்தவன்.

"உங்க நேரத்தைச் சரி பாருங்க" என்று சொல்லிவிட்டு மிலூதி போனை வைத்தான். இருந்தாலும் ஒரு சந்தேகம். தன் கைபேசியை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். கம்ப்யூட்டர் ஒன்பது நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

தானாக நேரம் சரிசெய்யும் வசதி அணைந்து கிடந்தது. போட்டான். நேரம் பின்னால் குதித்து ஒழுங்கானது. அப்பாடா என்று ஒருமுறை அணைத்துத் திறந்தான். வசதி மறுபடியும் அணைந்திருந்தது. இன்னொரு முறை போட்டான், இன்னொரு முறை அணைந்தது. வைரஸ் என்று நினைத்தான். தேடிப் பார்த்தான், வைரஸ் இல்லை. காலை ஷிஃப்டில் எவனோ கை வைத்திருக்கிறான் என்று நினைத்து, அந்த எவனோவை வாய்க்கு வந்தபடி திட்டினான். அப்புறம், கம்ப்யூட்டர் திறந்தவுடன் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான். கடைசியில் ஒரு சின்னக் கோப்பு. பெயர்: 'மிலூதி வைத்தது, தொடாதே'. தேதி, போன வருட நோன்புக்கு மறுவாரம்.

நினைவு வந்தது. நோன்புக்காக அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கும், முடிந்ததும் பழையபடி முன்னுக்கு வைக்கும். போன வருடம் அதில் கம்ப்யூட்டர் ஏதோ குளறுபடி செய்தது. "எனக்கு நேரம் சொல்லித்தர இது யாரு?" என்று, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கம்ப்யூட்டரே அந்த வசதியை அணைத்துவிடும்படி ஒரு கட்டளை எழுதிப் போட்டவன் மிலூதிதான். அப்புறம் மறந்தே போனான். பழைய இயந்திரம் நாளுக்கு ஒன்றரை நொடி முந்தி முந்தி, ஒரு வருடத்தில் ஒன்பது நிமிடம் சேர்ந்துவிட்டது. செயற்கைக்கோளாவது, மண்ணாங்கட்டியாவது!

முகம் எரிந்தது. அறையில் யாருமில்லை, இருந்தும் தலையைக் குனிந்துகொண்டான். அறுபத்திரண்டு பெண்கள், பத்து நாள், சூரியன் மறையும் முன்பே நோன்பு திறந்திருக்கிறார்கள்.

கோப்பை அழித்தான், நேரத்தைத் திருத்தினான். எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்றைக்கு மணியும் பாங்கும் ஒன்றாகக் கேட்கும், கிழவர் திருந்திவிட்டார் என்று எல்லாரும் நினைப்பார்கள், அத்தோடு முடிந்தது. தெரியாமல் செய்தது பாவமில்லை என்று தனக்குத்தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டான். வெட்கங்கெட்ட தீர்ப்பு என்று அவனுக்கே தெரிந்தது.

அன்று படகுகளில் மீன் குறைவு. மணிக்கு முன்பே இயந்திரங்கள் நின்றுவிட்டன. பெண்கள் கையில் பழத்தோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மிலூதியும் கதவோரம் உட்கார்ந்தான். அப்போது பாங்கு கேட்டது. மணி அடிக்கவில்லை.

"அடேயப்பா, இன்னிக்குக் கிழவரு முந்திட்டாரு!" என்று சிரித்துக்கொண்டே மஹ்ஜூபா பழத்தை வாய்க்குக் கொண்டுபோனாள்.

மிலூதி கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது.

"தின்னாதீங்க!" என்று கத்தியேவிட்டான். "யாரும் தின்னாதீங்க, நேரம் ஆகல!"

"இது என்னடா கூத்து? பிந்தினாலும் அவரு தப்பு, முந்தினாலும் அவரு தப்பா?"

"அவரு தப்பில்லக்கா. பத்து நாளும் அவருதான் சரி. மணிதான் தப்பு... நான்தான் தப்பு. கம்ப்யூட்டர் நேரத்தை நான் கெடுத்து வெச்சிருந்தேன். இன்னிக்கு மத்தியானம்தான் தெரிஞ்சுது."

"மத்தியானமே தெரிஞ்சுதா?"



"அப்ப பத்து நோன்பும் போச்சா?" என்று கேட்டாள் இஸ்ஸா. ஐந்து மாதக் குழந்தைக்காரி. "பால் குடுத்துக்கிட்டே பிடிச்சேன் அண்ணே. விட்டுடும்மான்னு எல்லாரும் சொன்னாங்க, நான் கேக்கல."

யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மஹ்ஜூபாகூடத் திட்டவில்லை. மிலூதி எழுந்து வெளியே ஓடினான்.

பள்ளிவாசல் படியில் துஹாமி தடுமாறி நின்றிருந்தார். நேரம் இன்னும் ஆகவில்லை என்று ஹம்மு அவரிடம் சொல்லிவிட்டிருந்தான்.

"உன் மணியோட ஒத்துப்போகணும்னு இன்னிக்குக் காலையிலதான் கடிகாரத்தை ஒன்பது நிமிஷம் முன்னால தள்ளி வெச்சேன்" என்றார். "வெள்ளிக்கிழமை போறதுக்கு முன்னாடி ஒரு நாளாவது சரியா சொல்லிட்டுப் போகலாம்னு நெனச்சேன்பா. இப்படிப் பண்ணிட்டேனே!"

"நீங்க பண்ணல சாச்சா, நான் பண்ணினேன். மைக்கை எங்கிட்ட குடுங்க, நான் சொல்றேன்." அதற்குமேல் சொல்ல முடியாமல் மிலூதி அழுதுவிட்டான்.

கிழவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். விஷயம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "உன் வேலை கம்ப்யூட்டர்ல. இது என் வேலை. தள்ளு" என்று உள்ளே போனார். "ஜனங்களே, பாங்கு முன்னாடியே சொல்லிட்டேன், என் பிழை, மன்னிச்சுக்குங்க" என்று அவர் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. மிலூதியின் பெயரை அவர் சொல்லவில்லை. நேரம் வந்ததும் மறுபடி பாங்கு சொன்னார். அதே நொடியில் தொழிற்சாலை மணியும் அடித்தது.

மிலூதி மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னான். துஹாமி வேலையில் தொடர்ந்தார். மிலூதி சலாம் சொன்னால் பதில் சலாம் சொல்வார், அவ்வளவுதான்.

பத்து நோன்பையும் திரும்பப் பிடிக்கத்தான் வேண்டும் என்று இமாம் சொல்லிவிட்டார். குளிர்காலத்துக் குட்டைப் பகல்கள் போய், ஜூன் மாதத்து நீளப் பகல்கள் வந்தன. பெண்கள் இரண்டும் மூன்றுமாகப் பிடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் மிலூதி கூடத்தைக் கடந்து போனான். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி இஸ்ஸாவிடம் ரொட்டியை நீட்டினாள். தாகத்தில் உதடு காய்ந்துபோயிருந்த இஸ்ஸா தலையை ஆட்டினாள்.

"ரமலான்தான் எப்பவோ முடிஞ்சுதே, இது என்ன நோன்பு?" என்றாள் புதியவள்.

இஸ்ஸா அவனைக் கவனிக்கவில்லை. கோபமும் இல்லை அவள் குரலில். எல்லாரும் வழக்கமாகச் சொல்கிற பெயரைத்தான் சொன்னாள்.

"இதுவா? மிலூதி நோன்பு."