கய்யூம் நானாவின் முந்திரி மரம்

அடுப்புச் சாம்பலில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காற்றில் தூவினார். சாம்பல் தெங்கேராக் கடற்பக்கம் பறந்தது. "இப்பச் சரி, தீய வைக்கலாம்" என்றார் அப்துல் கய்யூம். விடிகாலைக் காற்று கடலைப் பார்த்துப் போகும்போதுதான் அவர் முந்திரிக் கொட்டை வறுப்பார். காற்று திரும்பினால் அந்தப் புகை என் வீட்டுக்குள் புகுந்து கண்ணைத் திறக்கவிடாது. பக்கத்து வீட்டுக்காரனான நான் ஒருநாள் கத்திய கத்தலில் வந்த ஏற்பாடு இது.

மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் எல்லோருக்கும் அவர் கய்யூம் நானா. சண்டைக்கு முன்பு தள்ளுவண்டியில் கச்சாங் பூத்தே என்ற வறுகடலை விற்றவர். ஜப்பான்காரன் வந்த பிறகு கப்பலும் இல்லை, கடலையும் இல்லை. மிஞ்சியது கொல்லையில் நின்ற ஒரே முந்திரி மரம். ஓட்டை போட்ட மண்ணெண்ணெய்த் தகரத்தில் கொட்டைகளைக் கொட்டி, தீப்பிடிக்கும்வரை கிளறி, மண்ணைப் போட்டு அணைத்து, ஒவ்வொன்றாகத் தட்டி உடைப்பார். முழுப் பருப்பு மகளுக்கு, உடைசல் விற்பனைக்கு, தகரத்தில் ஒட்டிய தூள் தனக்கு. "முழுசு தின்னா எனக்கு நெஞ்சு கரிக்கும்" என்பார். சுத்தப் பொய்.

மகள் அஸ்மா பிரசவித்து இருபது நாள் ஆகியிருந்தது. அரிசியைக் கண்ணால் காண முடியாத காலம். மரவள்ளிக் கிழங்கை மட்டும் தின்ற உடம்பில் பால் எங்கே ஊறும்? நானா பருப்பை அரைத்துக் கிழங்குக் கஞ்சியில் கலந்து கொடுத்தார். நாலாம் நாள் பேரன் வயிறு நிறைந்து தூங்கினான்.

"நெய்யும் பாலும் இதுக்குள்ளதான் இருக்கு தம்பி. நம்ம கண்ணுல படணும்னுதான் ஆண்டவன் கொட்டையப் பழத்துக்கு வெளிய தொங்கவிட்டிருக்கான்."

அப்போதுதான் அந்த உத்தரவு வந்தது: உணவு தராத மரங்களை வெட்டிவிட்டுக் கிழங்கு நட வேண்டும். கணக்கெழுதும் கிராணி மாணிக்கவாசகம் சுண்ணாம்புச் சட்டியோடு ஒரு ஜப்பானிய அதிகாரியை அழைத்து வந்தார். மரத்தில் சுண்ணாம்புக் கோடு விழுந்தால் மறுநாள் கோடாலி.

"இது சாப்பாட்டு மரம் கிராணியாரே. கொழுந்தச் சம்பலோட திங்கலாம், பழத்தக் கறி வைக்கலாம். கொட்டை என் மகளுக்கு உசுரு."

"நான் என்ன செய்ய பாய்? லிஸ்டுல முந்திரி இல்ல. அவரு நம்பணுமே."

அதிகாரி கீழே கிடந்த பழத்திலிருந்து பச்சைக் கொட்டையைத் திருகி எடுத்தார். பேனாக்கத்தியால் கீறி, வாய்க்குக் கொண்டுபோனார். கய்யூம் நானா பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார். "சாக்கிட் துவான், சாக்கிட்!" வாய் வெந்துபோகும் ஐயா என்று சொல்ல வந்தவருக்கு, வலி என்ற அந்த ஒரு மலாய்ச் சொல்தான் வந்தது.

பளாரென்று அறை விழுந்தது. நானா தரையில் கிடந்தார். இதைவிடச் சின்னக் குற்றத்துக்கு ஆட்கள் காணாமல் போயிருக்கிறார்கள்.

அவரோ எழுந்து உள்ளே போய்த் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். அதிகாரியின் கையைப் பிடித்து, கொட்டைப் பால் பட்ட விரல்களில் எண்ணெயைத் தேய்த்தார். "இந்தக் கையோட கண்ணக் கசக்கிராதீங்க துவான், புண்ணாப் போயிரும்" என்று தமிழிலேயே சொன்னார். தோலுரிந்த தன் விரல்களை விரித்துக் காட்டினார். பிறகு வறுத்த முழுப் பருப்பு ஒன்றை நீட்டினார்.

அதிகாரி தயங்கி மென்றார். இன்னொன்றுக்குக் கை நீட்டினார். கிராணியிடம் ஏதோ சொல்லிவிட்டுப் படலைத் தாண்டினார்.

"சாப்பாட்டு மரம்னே எழுதச் சொல்லிட்டாரு பாய்!" மாணிக்கவாசகம் சுண்ணாம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நானா அசையவில்லை. பிறகு கிண்ணத்தைச் சாய்த்து, அடியில் மிஞ்சிய எண்ணெயை விரலால் வழித்து, அறை வாங்கிய கன்னத்தில் தடவிக்கொண்டார்.