அரிசி தங்காத மட்கார்டு

என் வீட்டுக்காரர் எஸ்டேட் பட்டறையில் ஃபிட்டர். பட்டாளத்தார் கழித்துப்போட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, எப்படியோ ஓடவைத்துவிட்டார். ஆனால் அதில் ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் சீட்டு.

எனக்கோ கோலா சிலாங்கூர் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலை பழக இடம் கிடைத்திருந்தது. அந்த வேலை பார்ப்பவர்களை எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் குடியிருப்பில், மிஸ்ஸி என்போம். மிஸ்ஸியாக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் இடம் கைமாறிவிடும். மலாயாக் காட்டில் கம்யூனிஸ்டுகள் பதுங்கிப் போரிட்ட அவசரகாலம் அது. லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. சாயங்காலம் வேலை முடிந்து நான் கடைசி பஸ்ஸில் திரும்புவதற்குள் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். மோட்டார் சைக்கிளை விட்டால் எனக்கு வேறு வழியில்லை.

பின் மட்கார்டின் மேல் ஒரு சீட்டை வைத்தார். நான் ஏறி உட்கார்ந்ததும் தகடு அப்பளம்போல் நெளிந்தது.

"கொஞ்சம் இளைச்சிருக்கலாம்ல புள்ள?"

நான் முறைத்த முறைப்பில் வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். மட்கார்டின் நீண்டிருந்த வாலை வெட்டினார். அடியில் இன்னொரு தகடு கொடுத்து, இரண்டுக்கும் நடுவே இரும்புப் பட்டைகள் வைத்து ரிவெட் அடித்தார். மேலே பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். இப்போது நான் குதித்து உட்கார்ந்தாலும் அசையவில்லை.

சனிக்கிழமை வெள்ளோட்டம். கேட்டில் நின்ற மலாய்ப் போலீஸ்காரர் மட்கார்டைத் தட்டினார். டொங்கென்றது.

"உள்ளே கோசோங். காலி. பெராஸ் வைக்கலாம்," என்றார்.

பெராஸ் என்றால் அரிசி. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று, ஒரு பிடி அரிசியைக்கூட வேலிக்கு வெளியே விடாத காலம்.

"ஒண்ணும் இல்லையே லா!" என்றார் என் வீட்டுக்காரர்.

"இன்னைக்கு இல்ல. நாளைக்கு?"

மிஸ்ஸி வேலைக்குப் போகணும் என்று நான் கெஞ்சியும், வண்டி கேட்டைத் தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். அழுதுகொண்டே அரிசி களைந்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

"ஏங்க, அடித்தகடு பூரா ஓட்டை போடுங்க. அரிசி கொட்டிப்போற அளவுக்கு."

"மட்கார்டுல ஓட்டையா? சேறெல்லாம் உள்ள போவுமே!"

"போகட்டும். சேத்தையா தடை பண்ணியிருக்காங்க?"

ஞாயிற்றுக்கிழமை முழுக்க முணுமுணுத்துக்கொண்டே துளை போட்டார். முடிந்ததும் நான் பங்கீட்டு அரிசியில் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு நேரே கேட்டுக்குப் போனேன். வேலிக்கு உள்பக்கமே வண்டியை நிறுத்தச் சொன்னேன். போலீஸ்காரர் பார்த்துக்கொண்டிருக்க, சீட்டுக்கு அடியில் இருந்த இடுக்கில் அரிசியைக் கொட்டி வண்டியை உலுக்கினேன். பொலபொலவென்று அவ்வளவும் தரையில் விழுந்தது.

வாரத்துக்கு இவ்வளவென்று அளந்து கொடுக்கிற அரிசி. குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன். துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளிவிட்டு அவரும் குந்திப் பொறுக்கினார். வண்டியை விடுவாரா மாட்டாரா என்று தெரியாமலே டம்ளரோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

திங்கட்கிழமை காலையில் எங்களைக் கண்டதும் தடுப்புக் கட்டையில் கை வைத்தார். எனக்குப் பழைய கோபம் தீரவில்லை.

"தட்டிப் பாருங்க," என்றேன்.

இவர் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தார். போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே வந்து தட்டினார்.

"கோசோங், மிஸ்ஸி. ஜாலான், ஜாலான்!"

போகலாமாம். கட்டை மேலே போனது. ஒரு பிரசவம்கூடப் பார்த்திராத என்னை முதன்முதலில் மிஸ்ஸி என்று கூப்பிட்டவர் அவர்தான்.