ஐந்தாம் அறை எச்சரிக்கை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு நடந்தது இது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பித்துங் துறைமுகத்தில், சூரை மீன் குளிர்கிடங்கில் எனக்கு வேலை. ஒவ்வோர் அறையின் குளிர், கதவு, உள்ளே மாட்டிக்கொண்டவர் அழுத்தும் அவசரப் பொத்தான்... எல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் நேரத்தோடு டேட்டாபேஸில் பதிவாகும். புது அறை திறந்தால் முதலிலிருந்து மாரடிக்க வேண்டியதில்லை. வரைபடம், எச்சரிக்கை எல்லாம் அடங்கிய ஒரே டெம்ப்ளேட். ஏற்றினால் போதும்.

அதைச் செய்தவன் ரோலி. மார்ச் மாதம் காய்ச்சலில் செத்துப்போனான். நான் அவன் பெயரை அழித்துவிட்டு என் பெயரைப் போட்டேன். மேனேஜர் மெய்தி அம்மா எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். பல்லை இளித்துக்கொண்டு நின்றேன்.

அன்று ஞாயிறு. பாதிப் பேர் சர்ச்சுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. மதியம் 2:10. புதிதாகத் திறந்த ஐந்தாம் அறைக்கு டெம்ப்ளேட்டை ஏற்றினேன்.

திரையில், 'செய்தவர்: ரோலி வவோர்.'

கோப்பைத் திறந்து பார்த்தேன். என் பெயர்தான் இருந்தது. மறுபடி ஏற்றினேன். மறுபடி ரோலி.

மீன் வண்டி தள்ளிக்கொண்டு போன நொல்டி எட்டிப் பார்த்தான்.

"என்னடா நோவ்ரி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?"

"போய் வேலையப் பாருடா."

சிரித்துக்கொண்டே போனான்.

2:31. டிங்... என் போன்.

'அறை 5. உள்ளே ஆள். ரோலி.'

அதே பெயர்க் கோளாறு என்று எரிச்சலாக வந்தது. செய்தியைத் தள்ளிவிட்டேன்.

2:44. டிங்...

அதே வரி. அதே பெயர். அந்தப் பெயரைப் பார்க்கவே கூசியது. மறுபடி தள்ளிவிட்டேன்.

2:55. டிங்...

'நோவ்ரி, ஓடு.'

அப்படி ஒரு வரி டெம்ப்ளேட்டில் கிடையாது.

ஓடினேன்.

கதவு உறைந்து இறுகியிருந்தது. கடப்பாரையால் நெம்பினேன்.

உள்ளே நொல்டி... புருவமெல்லாம் பனி.

"அழுத்திக்கிட்டே இருந்தேன்டா... ஏன்டா வரல?"

பிழைத்துக்கொண்டான். வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அந்த இருபத்து நாலு நிமிடம் என்னால் வந்தது. இன்றுவரை அவன் முகத்தை நேராகப் பார்த்ததில்லை.

மெய்தி அம்மா என் தோளைத் தட்டினார். "உன் டெம்ப்ளேட்தான்பா ஒரு உசிரக் காப்பாத்துச்சு."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. சீ!

திங்கள் காலை 9:20. எலக்ட்ரீஷியன் வயர்ச் சுருளோடு வந்து நின்றார்.

"அஞ்சாம் ரூம் எது தம்பி? அந்த அவசரப் பொத்தானுக்கு இன்னும் கனெக்‌ஷனே குடுக்கல."

கூடப் போய்ப் பார்த்தேன். பொத்தானுக்குப் பின்னால் வயரே இல்லை.