பீடி நூலில் கட்டிய கார்க் கண்ணாடி

பட்டனை அமுக்கினால் கதவுக்குள் 'கிர்ர்' என்று மோட்டார் ஓடும். கண்ணாடி மட்டும் ஏறாது. என் காரின் பின்பக்க ஜன்னல் சில நாட்களாக அப்படித்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. முக்கூடல் மெக்கானிக் "உள்ள முழுசா மாத்தணும் அண்ணாச்சி" என்று ஒரு விலை சொன்னார். அதற்கு வண்டியையே அவரிடம் கொடுத்துவிடலாம். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கம்பீரமாக வீடு திரும்பினேன். செல்போனில் இரண்டு வீடியோ பார்த்தேன். இரண்டாவதை முழுதாகப் பார்க்கவில்லை.

அவசரம் எனக்கில்லை, என் மச்சினனுக்கு. ஞாயிறு சாயங்காலம் நாங்குநேரியில் அவனுக்குப் பெண் பார்க்கப் போகிறோம். இதற்கு முன் போன வீடுகளில் எல்லாம் காபி கொடுத்து, "சொல்லி அனுப்புதோம்" என்று அனுப்பிவிட்டார்கள். இந்தப் பெண்ணின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து பயலுக்குச் சோறு இறங்கவில்லை. ஐப்பசி மழை வேறு. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு அந்த ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஆற்றில் முங்கி எழுந்தவன் மாதிரி போய் இறங்குவான்.

ஞாயிறு மதியம் கதவின் உள்பலகையைப் பிடுங்கினேன். கண்ணாடியைக் கவ்வியிருந்த பிளாஸ்டிக் துண்டு விரிசல் விட்டிருந்தது.

"என்ன கொழுந்தனாரே, கதவுக்குள்ள புதையலா தேடுதீய?" எதிர்வீட்டு மதினி, மடியில் இலை பரப்பிய சுளகை வைத்துப் பீடி சுற்றியபடியே கேட்டாள்.

"இதை இறுக்கிக் கட்டுனாப் போதும் மதினி. நூல் இருக்கா?"

"பீடிக்குக் கட்டுத நூல்தான் இருக்கு. ஒரு இழுவைக்கு அந்துரும்யா!"

"நூறு சுத்துச் சுத்துனா யானையையே இழுக்கும்!"

சுற்றினேன். மேலே பசையையும் அள்ளிப் பூசினேன். பட்டனை அமுக்கினால் கண்ணாடி பைய, பைய மேலே ஏறியது. நான் தெருவிலேயே ஆடினேன். மச்சினன் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். பசை காய ஒரு நாள் ஆகும் என்று டப்பாவில் போட்டிருந்தது. ஆனால் மாமியார் வாசலில் நின்றார்.

"மாப்பிள்ளை, ராகு காலம் பொறக்கதுக்குள்ள வண்டி தெருவைத் தாண்டணும்."

மிச்சமான திருகாணிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

சேரன்மகாதேவி தாண்டி ஒரு வேகத்தடை. 'தொபுக்!' கண்ணாடி பாதி வரை இறங்கியது. அதற்கென்றே காத்திருந்த மாதிரி மழையும் இறங்கியது.

"திரும்பிப் போய் வேற வண்டி பிடிப்போமா?" என்றேன்.

"பொண்ணு பாக்கப் புறப்பட்டுட்டுப் பாதியில திரும்புததா? நல்லாருக்கே!" என்றார் மாமியார்.

மச்சினன் கண்ணாடியை இழுத்து மேலே ஏற்றி, இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"ஏலே, விட்டுராதே!"

"அத்தான், மூக்கு அரிக்குது!"

"உங்க அக்கா சொறிவா, நீ பிடி!"

பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி தம்பியின் மூக்கைச் சொறிந்தாள். சிரிப்பில் ஆரஞ்சுகள் உருண்டன. முன்சீட்டில் மாமியாரின் தோளும் குலுங்கியது.

நாங்குநேரியில் பெண் வீட்டார் குடையோடு வாசலில் நின்றார்கள். காருக்குள் சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி என் மச்சினன். பெண்ணின் அம்மா குனிந்து பார்த்து, "வாங்க" என்றார். அவன் மரியாதைக்காரன். பழக்க தோஷத்தில் இரண்டு கையையும் கூப்பி வணக்கம் வைத்துவிட்டான்.

கண்ணாடி மொத்தமும் கதவுக்குள் விழுந்தது. மழை அவன் முகத்தில் அடித்தது. கூப்பிய கையை அவன் இறக்கவே இல்லை.

அம்மாவின் பின்னால் நின்ற பெண் முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நனைந்த கோழியாக இறங்கியவனும் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

கேசரி வந்தது. கண்ணாடியைப் பீடி நூலில் கட்டியது நான்தான் என்று மாமியார் போட்டுக் கொடுத்துவிட்டார். பெண்ணும் அம்மாவும் உள்ளே போய்க் குசுகுசுத்தார்கள். மச்சினன் காலியான காபி டம்ளரையே இன்னொரு தரம் உறிஞ்சினான். அம்மா மட்டும் வெளியே வந்தார்.

"பொண்ணுக்குச் சம்மதம்."

மச்சினன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொன்னா. கல்யாணத்தன்னைக்கு வண்டி நாங்க ஏற்பாடு பண்ணுதோம். அந்த அண்ணாச்சி கதவைத் தொடக்கூடாதாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கேசரியைப் பார்த்தேன்.