ஞானராஜ் வைத்த கட்டை

ஞானராஜ் காரின் அடியில் வைத்த பனங்கட்டையை எடுத்தவன் நான். எடுத்துவிட்டு, அவர் வைக்கவே இல்லை என்று சொன்னவனும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால் வழியில் எங்காவது எனக்குச் சாதகமாக ஒரு காரணம் கிடைத்துவிடும். அப்படிக் கிடைத்த காரணங்களை வைத்துத்தான் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டினேன்.

நேற்று வண்ணார்பேட்டையில் சாலையைக் கடக்க நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற சொகுசு பஸ் ஒன்று 'உஸ்ஸ்' என்று மூச்சை விட்டு ஒரு சாண் கீழே இறங்கியது. காற்றுப் பைகளின் மேல் நிற்கிற பஸ். இப்போது அது யாருக்கும் அதிசயமில்லை. நான் மட்டும் வலது கையை வெடுக்கென்று இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். ஒரு கீறல்கூட விழாத கை. இதற்கு என்ன பயம் வேண்டிக் கிடக்கிறது என்று அதன் மேலேயே ஆத்திரம் வந்தது.

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் ஓர் அரிசி ஆலை முதலாளி வீட்டில். சென்னையில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் வைத்திருந்த பழைய ஜெர்மன் காரை ஆசைப்பட்டு வாங்கி வந்திருந்தார். வண்டியில் தேடினாலும் ஸ்பிரிங் கிடையாது. சக்கரத்துக்கு ஒன்றாக நாலு ரப்பர் பைகள். இன்ஜின் ஓடும்போது ஒரு பம்பு அவற்றில் காற்றை நிரப்பும். ராத்திரி நிறுத்தினால் காலையில் பின்பக்கத்து இடது மூலை தரையில் படுத்திருக்கும். இன்ஜினைப் போட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தால் மெல்ல எழும். ஆலை ஆட்கள் அதற்கு எருமை என்று பெயர் வைத்துவிட்டார்கள். "எருமை எந்திரிச்சிட்டாவே?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள், முதலாளியின் காதில் விழும்படியாகவே.

முதலாளிக்கு மகள் கல்யாணம் நெருங்கிவிட்டது. "மாப்பிள்ளை ஒருக்களிச்சு உக்காந்து ஊர்கோலம் வந்தா ஊரு சிரிக்கும்வே. ரெண்டு பேரும் சேந்து பாருங்க" என்றார்.

ஒருவர் ஞானராஜ். வண்ணார்பேட்டை ஒர்க்ஷாப் வரிசையில் சொந்தமாக ஒரு கொட்டகை வைத்திருந்த மெக்கானிக், என் வயதுக்காரர். இன்னொருவன் நான். பாலிடெக்னிக்கில் விரிவுரையாளன். காருக்குரிய ஆங்கிலப் புத்தகத்தின் ஜெராக்ஸ் என் கையில் இருந்தது. காருக்கு அடியில் படுத்துப் பழக்கம் கிடையாது.

ஞானராஜ் எந்த வண்டியானாலும் முதலில் அதன் அடிச்சட்டத்துக்குக் கீழே ஒரு முழப் பனங்கட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் கையை நீட்டுவார். "காத்த நம்பிக் கையை விட முடியுமா சார்வாள்?" என்று அன்றைக்கும் சொன்னார். பிறகு ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பார் சோப்பைக் கரைத்து, நுரையைப் பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவினார். எங்கே குமிழி விடுகிறதோ அங்கே ஒழுக்கு. இன்றைக்கும் வீட்டில் பார் சோப்புப் போட்டுச் சட்டைக் காலரைத் தேய்த்தால் நான் தெருவுக்குப் போய்விடுவேன். கிழவர் வேலைக்குப் பயந்து ஓடுகிறார் என்று மருமகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மத்தியானம் வரை குமிழி வரவில்லை. மிச்சமிருந்தது பைக்கு மேலே, டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் கையை நுழைத்துத் தொட வேண்டிய ஒரே ஓர் இணைப்பு. "அங்கனதான் இருக்கு சார்வாள். பையப் பைய பாப்போம்" என்று சொல்லி, சாப்பிட்டுவிட்டுப் புது நுரை கலக்கிவரக் குழாயடிக்குப் போனார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். கால் மணிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று அளந்து முதலாளியிடம் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. கட்டை இருந்தால் ஓர் அளவுக்கு மேல் வண்டி இறங்காதே. அதை உருவி ஓரமாகப் போட்டேன். டேப்பும் கைக்கடிகாரமுமாக ஏதோ பெரிய ஆராய்ச்சிக்காரனைப் போல அளந்து குறித்துக்கொண்டு, நோட்டைக் காட்ட வாசல் பக்கம் போனேன்.

திரும்பி வந்தபோது ஞானராஜ் சக்கரத்தருகே குந்தியிருந்தார். கை உள்ளே இருந்தது. கட்டை இருக்கிறதா என்று அவர் குனிந்து பார்க்கவில்லை. தன் கையால் வைத்ததை யார் திரும்பப் பார்ப்பார்கள்? கட்டையின் ஞாபகம் எனக்கு வந்ததும் அந்த இணைப்பு பிய்த்துக்கொண்டதும் ஒரே நேரத்தில் நடந்தன. உஸ்ஸ். கார் உட்கார்ந்தது.

ஆட்கள் ஓடிவந்து வண்டியைத் தூக்கினார்கள். "கட்டை வைக்கலயாவே?" என்று முதலாளி கத்தினார்.

"வைக்கல" என்றேன் நான்.

அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. என் சட்டைப் பையில் இரண்டு பேனா இருந்தது. ஞானராஜ் சட்டையில் கிரீஸ் இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் போனேன். "நான் கட்டை வச்சேன்லா சார்வாள்?" என்றார் ஞானராஜ். அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இல்ல ஞானராஜ். அவசரத்துல மறந்துட்டீரு."

அவர் மேலே சுற்றும் விசிறியைப் பார்த்தார். "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

முதலாளி நாலு மூலைக்கும் வேறு வண்டியின் ஸ்பிரிங்கை வெட்டிப் பொருத்தி ஊர்கோலத்தை நடத்திவிட்டார். ஒர்க்ஷாப் வரிசையில் ஞானராஜுக்குக் 'கட்டை' என்று பட்டப்பெயர் விழுந்தது. அந்த முதலாளியையும் அந்த வரிசையையும் நினைத்து எத்தனையோ நாள் பல்லைக் கடித்திருக்கிறேன். என்ன யோக்கியதை எனக்கு? நான் சொன்னதைத்தானே அவர்கள் நம்பினார்கள். ஞானராஜ் மூன்று விரலோடும் வேலை செய்திருப்பார். ஆனால் தன் ஞாபகத்தை நம்ப முடியாதவர் இன்னொருவர் வண்டியை எப்படித் தொடுவார்? கொட்டகையை மூடிவிட்டு, கங்கைகொண்டான் பக்கம் ஒரு சரக்குக் கிட்டங்கிக்குக் காவலுக்குப் போனார். நான் அவர் மகளுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கையாலேயே என்னைக் கும்பிட்டார். வாங்கிக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். நான் முடித்ததும் அவர் உள்பக்கம் திரும்பி, "ஏட்டி ரூத்து, இங்கன வா. இவரு சொல்லுததைக் கேளு" என்றார். மறுபடி சொன்னேன்.

அவர் மனைவி என்னைப் பார்க்கவில்லை. "இவுக கதவப் பூட்டிட்டு மூணு தரம் திரும்பி வந்து இழுத்துப் பாப்பாவ. நானும் கிறுக்குன்னு ஏசியிருக்கேன்" என்று கணவரின் கையைப் பார்த்துச் சொன்னார்.

ஞானராஜ் சட்டையை மாட்டினார். "வாங்க. அங்கன வந்தும் சொல்லுங்க."

ஒர்க்ஷாப் வரிசை இருந்த இடத்தில் செல்போன் கடைகளும் கண்ணாடி போட்ட ஒரு துணிக்கடையும் நின்றன. 'கட்டை' என்று கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் செத்துப்போயிருந்தார்கள். மீதிப் பேர் எங்கே என்று தெரியவில்லை. சந்துக்குள் ஒரு கிழ லேத்துக்காரர் மட்டும் மிச்சம், அவருக்கும் காது மந்தம். "சத்தமாச் சொல்லுங்க" என்றார் ஞானராஜ். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்: "கட்டையை எடுத்தது நான்தான். ஞானராஜ் வச்சிருந்தாரு."

லேத்துக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எந்தக் கட்டை அண்ணாச்சி?" என்றார்.

ஞானராஜ் என் பக்கம் திரும்பினார். அதுவரை என்னைச் சார்வாள் என்றும் நீங்க என்றும் அழைத்த மனுஷன்.

"இனிமே நீரு எங்க வீட்டுப் பக்கம் வராதேயும்" என்றார்.

அதன் பிறகு நான் போகவில்லை.